அருவியின் தனிமை

திருவனந்தபுரம் நகரின் மேற்கே கடல். கிழக்கே சஹ்ய மலைத்தொடர். இரண்டுக்கும் இடையே உள்ள நிலம் அகலம் குறைந்தது. ஆகவே அந்நகரத்தில் வாழ்பவருக்கு மலையும் காடும் தொலைவில் உள்ள அதிசயங்களாக இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியலில் புறப்பட்டு, நெடுமங்காடு, விதுரா வழியாக ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் கல்லாறு என்ற இடம் வந்துவிடுகிறது. பொன்முடிக்குச் செல்லும் சாலை அங்கிருந்துதான் 22 கொண்டை ஊசி வளைவுகளாக மேலேறுகிறது. அந்தச் சாலையை விட்டு விலகி, வனத்துறையின் சாவடியில் நுழைவுச்சீட்டு பெற்று, வழிகாட்டி ஒருவரின் துணையுடன் ஆற்றோரமாகக் காட்டுக்குள் நடந்தால் மீன்முட்டி அருவியை அடையலாம்.

பாதை நீண்டதன்று; ஆனால் எளியதும் அன்று. வேர்கள் படிக்கட்டுகளாகின்றன. ஈரப்பாறைகள் காலை வாருகின்றன. மழைக்காலத்தை ஒட்டிய நாட்களில் அட்டைகள் கணுக்கால்களைத் தேடி வருகின்றன. நகரத்தின் இரைச்சல் முதலில் குறைகிறது. பின்பு நடப்பவரின் பேச்சு குறைகிறது. கடைசியில் மூச்சின் ஒலியும் நீரின் ஒலியுமே எஞ்சுகின்றன. இத்தகைய இடத்தை நாடி ஒருவர் ஏன் செல்கிறார் என்று கேட்கத் தேவையில்லை. அலுவலகம், தேர்வு, கடன், குடும்பக் கவலை ஆகியவற்றால் நைந்துபோன மனம், யாரும் எதையும் கேட்காத ஓரிடத்தில் சிறிது நேரம் இருக்க விரும்புகிறது. அது குற்றமற்ற விருப்பம்.

குற்றமற்ற அந்த விருப்பத்துக்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. யாருமற்ற அருவியைத் தேடிச் செல்லும் ஒவ்வொருவரும், தமக்கு முன்னரே அங்கு வந்து நிற்கும் கூட்டத்தைக் கண்டதும் முகம் சுளிக்கின்றனர். அக்கூட்டத்தில் உள்ள ஒவ்வொருவரும் அதே காரணத்துக்காகவே வந்தவர்கள். புதிதாக வந்தவரைக் கண்டு அவர்களும் உள்ளூர முகம் சுளிக்கின்றனர். தனிமையை நாடும் செயலே தனிமையை அழிக்கிறது. அப்படியானால், அந்தத் தனிமை யாருக்கு உரியது? முதலில் வந்தவருக்கா? நடக்க வலிமை பெற்றவருக்கா? சீட்டுக்குப் பணம் கொடுத்தவருக்கா? அல்லது எவருக்குமே உரியதல்லாத ஒன்றா?

இது சுற்றுலா நிர்வாகத்தின் கேள்வியாக மட்டும் தோன்றலாம். உண்மையில் இது பற்றின் கேள்வி. பொன்னையும் பொருளையும் துறக்க முன்வருபவர்கூட அமைதியின் மீது கொண்ட பற்றைத் துறக்க எளிதில் முன்வருவதில்லை. அதைப் பற்று என்றே அவர் அறிவதில்லை.

'ஏகாந்தம்' என்ற வடசொல்லைத் தமிழில் தனிமை என்று எளிதாகப் பெயர்த்துவிடுகிறோம். அச்சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால், 'ஒன்றையே முடிவாகக் கொண்டது' என்ற பொருள் கிடைக்கிறது. அருகில் ஆள் இல்லாமை அதன் முதற்பொருள் அன்று. மனம் ஒன்றில் நிற்பதே முதற்பொருள். பகவத்கீதையின் 13-ஆம் அத்தியாயம் ஞானத்தின் இலக்கணங்களை வரிசையாகக் கூறும்போது, தனித்த இடத்தை நாடுவதையும் கூட்டத்தில் விருப்பமின்மையையும் அவற்றுள் சேர்க்கிறது. காட்டுக்குச் செல்லும் பலருக்கு இது மகிழ்ச்சி தரும் சான்று. ஆனால் வரிசையைக் கவனிக்க வேண்டும். தற்பெருமை இன்மையும் ஆடம்பரம் இன்மையும் பிற உயிரை வருத்தாமையும் பொறுமையும் தொடக்கத்திலேயே வருகின்றன. தனித்த இடம் ஏறத்தாழ இறுதியில்தான் வருகிறது. முன்னவை இல்லாதவன் தனித்த இடத்துக்குச் சென்றால், தன் இரைச்சலையும் உடன் சுமந்து செல்கிறான். மீன்முட்டியின் பாதையில் கைபேசியில் திரைப்படப் பாடலை உரக்க ஒலிக்கவிட்டு நடக்கும் இளைஞர் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீன்முட்டி என்ற பெயர் தமிழருக்கு மொழிபெயர்ப்பின்றியே புரியும். ஆற்றை எதிர்த்து நீந்தி வரும் மீன், செங்குத்தான பாறையில் முட்டி, அதற்கு மேல் செல்ல இயலாமல் நிற்கும் இடம். கேரளத்தில் இப்பெயருள்ள அருவிகள் பல உள்ளன. நெய்யாற்றுப் பகுதியிலேயே இன்னொன்று உண்டு. மீனுக்கு எல்லையை அறிவிக்க அங்கு பாறை இருக்கிறது. மனிதனுக்கு எல்லையை அறிவிக்க ஒரு மனிதர் தேவைப்படுகிறார். அவரே வழிகாட்டி.

அந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் அருகிலுள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். கேரளத்தில் 1990-களின் இறுதியிலிருந்து உருவான வன சம்ரக்ஷண சமிதிகளின் உறுப்பினர்கள். நுழைவாயிலில் பைகளைத் திறந்து நெகிழிப் பொருள்களைப் பார்ப்பதும், மது கொண்டு செல்வதைத் தடுப்பதும், பிற்பகலுக்குப் பின் எவரையும் உள்ளே விடாதிருப்பதும், போனவர்கள் அனைவரும் திரும்பிவிட்டனரா என்று மாலையில் கணக்கிடுவதும், விட்டுச்சென்ற குப்பையைப் பொறுக்குவதும் அவர்கள் வேலை. நகரத்தவர் அனுபவிக்கும் 'இயற்கையான' அமைதிக்குப் பின்னால் இத்தனை கைகள் இருக்கின்றன. யாருமற்ற இடம் என்று அவர் எண்ணி மகிழும் இடம், பலர் நாள்தோறும் காத்து வைத்திருக்கும் இடம். அமைதி தானாக அங்கே கிடக்கவில்லை. ஒருவர் அதைக் காக்காவிட்டால் ஓரிரு ஆண்டுகளில் அது போய்விடும். அப்படிப் போய்விட்ட அருவிகளை இந்த நாட்டில் எண்ணிக் காட்டுவது கடினமன்று.

இதற்கு ஒரு மறுப்பு கூறப்படுவதுண்டு. இயற்கை அனைவருக்கும் பொது. பார்ப்பதால் எதுவும் குறைந்துவிடாது. பூவைப் பறித்தால்தான் குற்றம், பார்த்தால் குற்றமில்லை என்பது அந்த மறுப்பு. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஒருவர் பார்ப்பதால் அருவியின் ஒரு துளியும் குறைவதில்லை என்பது உண்மை. ஆனால் ஆயிரம் பேர் பார்ப்பதற்கு ஆயிரம் பேர் நடக்க வேண்டும். ஆயிரம் பேர் நடக்கும் பாதையில் மண் இறுகுகிறது. மழைநீர் உள்ளிறங்காமல் மேற்பரப்பில் ஓடிப் பாதையையே ஓடையாக அரிக்கிறது. நீர் அருந்த வரும் விலங்கு, மனித நடமாட்டம் உள்ள நேரத்தைத் தவிர்த்து இரவுக்குத் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்கிறது. பார்த்தலும் ஒருவகை நுகர்ச்சிதான். கண்ணால் நுகரப்படுவதால் அது நுகர்ச்சி இல்லை என்று ஆகிவிடாது.

குற்றாலத்தை நன்கு அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இது புதிய செய்தியன்று. எண்ணெயும் சிகைக்காயும் முன்பு, பின்னாளில் சோப்பும் ஷாம்பு உறைகளும் அருவியின் அடியில் சேர்ந்தன. இறுதியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தலையிட்டு, அவற்றைத் தடை செய்ய வேண்டியதாயிற்று. அருவியில் நீராடுவதைப் புனிதச் செயலாகக் கருதும் மக்களே அதைச் செய்தனர் என்பதுதான் வருத்தத்துக்குரியது. புனிதம் என்ற உணர்வு மட்டும் ஓரிடத்தைக் காத்துவிடுவதில்லை. கங்கைக்கரை தொடங்கிப் பாபநாசம் வரை இதற்குச் சான்றுகள் உள்ளன.

மேலும் ஒன்று. கல்லாற்றின் தெற்கே, போனக்காட்டுப் பகுதியின் மலைச்சரிவுகளில் தோன்றும் ஓடைகள் கரமனை ஆற்றில் சேர்ந்து பேப்பாறை அணையை அடைகின்றன. அங்கிருந்து கீழே அருவிக்கரை. 1933-இல் தொடங்கப்பட்ட குடிநீர்த் திட்டத்தின் வழியாகத் திருவனந்தபுரத்தின் குழாய்களுக்கு நீர் வரத் தொடங்கியது இந்த அருவிக்கரையிலிருந்துதான். 1983-இல் பேப்பாறை அணையைச் சுற்றிய காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆகவே, போனக்காட்டுக் காட்டில் ஓர் ஓடையின் அருகே நின்று, 'நகரத்தை விட்டு எவ்வளவு தொலைவு வந்துவிட்டேன்' என்று நெடுமூச்சு விடும் நகரவாசி, உண்மையில் தம் வீட்டுச் சமையலறைக் குழாயின் மறுமுனையில் நிற்கிறார். அவர் அங்கே எறியும் உறையும் கழுவும் கையும் அவருடைய குடிநீரிலேயே சேர்கின்றன. நகரமும் காடும் வேறு வேறு என்ற எண்ணம், அணைக்கட்டின் கணக்குப் புத்தகத்தில் இல்லை.

அருவி தன் எல்லையை வேறுவகையிலும் அறிவிப்பதுண்டு. 2022 செப்டம்பரில் பாலோடு அருகேயுள்ள மங்கயம் அருவிப் பகுதியில் குடும்பத்தினருடன் ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்களைத் திடீரென்று வந்த மலைவெள்ளம் அடித்துச் சென்றது. ஆறு வயதுச் சிறுமியும் ஒரு பெண்மணியும் உயிரிழந்தனர். 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் அவ்வாறே வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவன் ஒருவன் இறந்தான். இவற்றின் காரணம் எளியது. மேற்கு மலைத்தொடரின் உச்சிகளில் பாறையின் மேல் மண் மெல்லியதாகவே இருக்கிறது, சரிவு செங்குத்தானது. உச்சியில் கனமழை பெய்தால், அந்நீர் தேங்குவதற்கு இடமின்றிச் சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். கீழே வானம் தெளிவாக இருக்கலாம், வெயில்கூட அடிக்கலாம். காட்டை அறிந்தவர் நீரின் நிறம் மாறுவதையும், சருகுகள் மிதந்து வருவதையும், ஒலி கனப்பதையும் கவனிப்பார். அறியாதவர் நீர் பெருகுவதைக் கண்டு மகிழ்வார்.

"போதும், கரையேறுங்கள்" என்று வழிகாட்டி சொல்லும் கணம் ஒரு சிறு அறச் சோதனை. சீட்டு வாங்கியவர், நெடுந்தொலைவு வந்தவர், படித்தவர், அவரைவிட வயதில் மூத்தவர். இத்தனையும் அவர் மனத்தில் எழுந்து, இவர் யார் நம்மைத் தடுப்பதற்கு என்று கேட்கும். இன்று 'அதிகாரம்' என்ற சொல் பிறரை ஏவும் வலிமையைக் குறிக்கிறது. வேதாந்த நூல்களில் அச்சொல் தகுதியைக் குறித்தது: ஓர் அறிவைப் பெறுவதற்கு ஒருவனிடம் இருக்க வேண்டிய பக்குவம். அந்தப் பொருளில் பார்த்தால், பாறையின் மேல் நிற்கும் அந்த எளிய மனிதரிடம் அதிகாரம் இருக்கிறது. சீட்டு வைத்திருப்பவரிடம் இல்லை. அவர் சொல்லுக்கு உடனே பணிபவர், அருவியை முழுதும் காணாமல் திரும்பினாலும், காட்டுக்கு வந்ததன் பயனில் ஒரு பகுதியைப் பெற்றவராகவே திரும்புகிறார்.

வழிகாட்டிக்கு வழிநடப்பவர் பட்ட கடன் எத்தகையது என்பதற்கு இந்த மலைகளிலேயே ஒரு வரலாறு உண்டு. அகத்தியமலைக் காடுகளில் தொன்றுதொட்டு வாழ்பவர்கள் காணி மக்கள். தேன், மூங்கில், கிழங்கு ஆகியவற்றை அறிந்தவர்கள். ஓணத்துக்கு முன்பு மலையின் விளைபொருள்களைச் சுமந்துகொண்டு கவடியார் அரண்மனைக்கு வந்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தாரைக் கண்டு திரும்பும் மரபு அவர்களுக்கு உண்டு. நகரம் மலைக்குப் போவதற்கு முன்பே மலை நகரத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதுவும் கையில் காணிக்கையுடன்.

1987 டிசம்பரில் தாவர ஆய்வாளர்கள் சிலர், காணி இளைஞர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு இம்மலைகளில் நடந்தனர். ஆய்வாளர்கள் களைத்து அமர்ந்தபோதும் வழிகாட்டிகள் களைக்கவில்லை. அவர்கள் இடையிடையே ஏதோ ஒரு சிறு காயை மென்றுகொண்டே வந்தனர். அது என்ன என்று கேட்கப்பட்டபோது அவர்கள் உடனே கூறிவிடவில்லை. அது தம் இனத்தாரின் மறைபொருள் என்று தயங்கினர். வற்புறுத்தலுக்குப் பின் செடியைக் காட்டினர். அதுவே இன்று ஆரோக்கியப்பச்சை என்று அறியப்படும் செடி. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத் தோட்ட ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் ஆராய்ந்து, அதை வேறு மூலிகைகளுடன் சேர்த்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் அதைத் தயாரிக்கும் உரிமை கோயம்புத்தூரின் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்சம் ரூபாய்க்கும், விற்பனையில் 2 சதவீத உரிமத்தொகைக்கும் அளிக்கப்பட்டது. வருவாயில் பாதியைக் காணி மக்களுக்குத் தருவது என்று நிறுவனம் தானே முடிவு செய்தது. அதைப் பெறுவதற்காக 1997-இல் அம்மக்களின் அறக்கட்டளை ஒன்று பதிவு செய்யப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்கு உரிய பங்கை அளித்த முன்மாதிரியாக உலகெங்கும் இது பேசப்பட்டது.

இத்துடன் நிறுத்தினால் இனிய கதை. ஆனால் காணி மருத்துவர்களான பிலாத்திகள் சிலர் இந்த ஏற்பாட்டை எதிர்த்தனர். மருந்தின் அறிவு விற்பனைக்குரியதன்று என்பது அவர்கள் வாதம். செடிக்கு விலை வந்ததும் காட்டில் அதை வேரோடு பறிப்போரும் வந்தனர். வனத்துறை சேகரிப்பைக் கட்டுப்படுத்தியது. கடனைத் திருப்பித் தர முயன்ற நேர்மையான முயற்சியே புதிய கடன்களை உண்டாக்கிற்று. ஆயினும், இம்முயற்சியை மேற்கொண்டோர் ஒன்றைச் சரியாக உணர்ந்திருந்தனர்: தமக்கு முன்னே நடந்தவரிடமிருந்து தாம் பெற்றுக்கொண்டோம் என்பது. அருவிக்குச் சென்று திரும்புபவர்களில் எத்தனை பேர் இதை உணர்கின்றனர்? வழிகாட்டியின் பெயரையே கேட்காமல் திரும்புபவர்கள்தாம் மிகுதி. படங்களில் அவர் இருப்பதில்லை; படம் எடுக்கும் கைபேசியைப் பிடித்திருப்பவர் அவர்தான்.

அகத்தியமலையின் உச்சியான அகத்தியர்கூடம் 1,868 மீட்டர் உயரமுள்ளது. அகத்தியர் தவம் செய்யும் இருக்கை என்று காணி மக்கள் அதை வணங்குகின்றனர். அதன் கிழக்குச் சரிவில் பிறப்பதுதான் தாமிரபரணி. தமிழர்கள் பொதிகை என்று போற்றுவதும் இம்மலைத் தொகுதியையே. ஆண்டின் தொடக்க மாதங்களில் மட்டும், நாளொன்றுக்குக் குறித்த எண்ணிக்கையினரை, போனக்காட்டிலிருந்து வனத்துறை மேலே அனுப்பி வந்துள்ளது. நெடுங்காலம் பெண்களுக்கு அங்கே அனுமதியில்லை. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம், மலையேற்றத்தில் ஆண் பெண் வேறுபாடு காட்டலாகாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பெண்கள் ஏறத் தொடங்கினர். காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆனால் சென்றவர்களை வழிமறிக்கவில்லை.

இந்நிகழ்வு சமத்துவத்துக்கும் நம்பிக்கைக்கும் இடையே நடந்த போராட்டமாகவே பெரும்பாலும் பேசப்பட்டது. நீதிமன்றம் கூறியது சரியே. நகரத்து ஆண்கள் முதுகுப்பையுடன் ஏறிச் செல்லும் மலைக்கு நகரத்துப் பெண்கள் மட்டும் ஏறக் கூடாது என்பதற்கு நியாயம் இல்லை. ஆனால் காணி மக்களின் வருத்தத்துக்குள் இன்னொரு கேள்வியும் இருந்தது. அதை எவரும் வழக்காகத் தொடுக்கவில்லை. வணங்குவதற்காக அன்றி, ஏறினேன் என்று சொல்வதற்காக ஒருவர் அங்கு ஏற வேண்டுமா? இக்கேள்வி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. செல்ல உரிமை உண்டா என்பதை நீதிமன்றம் தீர்க்கலாம். உரிமை இருந்தும் செல்ல வேண்டுமா என்பதை அவரவர் மனச்சான்றே தீர்க்க வேண்டும். இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் முதல் கேள்வியில் பிறரைத் தடுக்கக் கூடாது. முதல் கேள்வியில் வென்றவர்கள் இரண்டாவதை மறந்துவிடவும் கூடாது.

நடக்க இயலாத முதியவர்களும் ஊனமுற்றவர்களும் என்ன செய்வது என்று ஒருவர் கேட்கலாம். அருவி வரை சாலை போட்டால் அவர்களும் காண்பார்களே? பொன்முடிக்குச் சாலை இருக்கிறது, பேருந்து செல்கிறது, மேகம் அங்கே முகத்தில் வந்து மோதுகிறது. எல்லா மலைக்கும் சாலை வேண்டியதில்லை. எந்த மலைக்கும் சாலை கூடாது என்பதும் இல்லை. சாலை வந்த மறுநாள் மீன்முட்டி வேறோர் இடமாகிவிடும் என்பதை மட்டும் முதியவர்களின் பெயரால் வாதிடுவோர் மறைக்காமல் இருந்தால் போதும்.

தனிமையை நாடி அருவிக்குச் சென்ற ஒருவர், அதைக் கண்டடைந்த பின் என்ன செய்தார் என்பதற்கு இதே மாவட்டத்தில் ஒரு பெரும் சான்று இருக்கிறது. நெய்யாற்றின்கரைக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், நெய்யாறு பாறைகளுக்கிடையே பாய்ந்து ஒலியெழுப்பும் இடத்துக்கு அருவிப்புறம் என்று பெயர். அகத்தியமலையில் பிறந்த அந்த ஆறுதான் அங்கே வருகிறது. இன்று கோயிலும் மடமும் படித்துறையும் உள்ள அவ்விடம், 1880-களில் புதர் மண்டிய, ஆள் நடமாட்டம் குறைந்த காடு. திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் பிறந்த நாராயண குரு, மருத்துவாழ்மலையின் குகையில் தவம் செய்த பின்பு இங்கு வந்தார். ஆற்றோரக் குகையில் தங்கினார். அவர் நாடியது ஏகாந்தம். அங்கே அது இருந்தது.

ஆனால் விரைவில் மக்கள் அவரைத் தேடி வரத் தொடங்கினர். நோயுற்றோர் வந்தனர், துயருற்றோர் வந்தனர், கோயில்களின் வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டோர் வந்தனர். தவம் செய்பவருக்கு அது இடையூறுதான். இன்னும் உள்ளே, இன்னும் மேலே செல்ல அவருக்கு இடம் இருந்தது. நெய்யாற்றின் பிறப்பிடம் வரை காடு விரிந்து கிடந்தது. அவர் செல்லவில்லை. 1888-ஆம் ஆண்டு சிவராத்திரி நாளின் நள்ளிரவில், அவர் ஆற்றில் மூழ்கி ஒரு கல்லை எடுத்து வந்தார். அதைப் பாறையின் மேல் சிவலிங்கமாக நிறுவினார். உயர்சாதியினர் மட்டுமே செய்யலாம் என்று கருதப்பட்ட பிரதிஷ்டையை, ஒதுக்கப்பட்ட ஒரு குலத்தில் பிறந்தவர் செய்துவிட்டார். சாதி, மத வேறுபாடின்றி மனிதர் உடன்பிறந்தாராக வாழும் இடம் அது என்று அங்கே பொறிக்கப்பட்டது. கேரளத்தின் சமூக வரலாறு அந்த இரவிலிருந்து திரும்பியது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். அங்கே உருவான சிறு சங்கத்தின் வளர்ச்சியாகவே 1903-இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் தோன்றியது.

அருவிப்புறத்தின் தனிமை அந்த இரவோடு முடிந்தது. அதை முடித்தவர் அதைத் தேடி வந்தவரே. மேலோட்டமாகப் பார்த்தால், கூட்டம் சேர்ந்து தனிமை அழிவது மீன்முட்டியிலும் அருவிப்புறத்திலும் ஒன்றே. ஆழ்ந்து பார்த்தால் வேறுபாடு பெரிது. ஓரிடத்தில் ஒவ்வொருவரும் தனக்கான அமைதியை எடுத்துக்கொள்ள வருகின்றனர். எடுக்க எடுக்க அது குறைகிறது. மற்றோரிடத்தில் ஒருவர் தமக்குக் கிடைத்த அமைதியைப் பிறருக்குக் கொடுத்தார். அமைதி தேவைப்பட்டோர் காட்டை விரும்பும் நகரத்தவர் அல்லர். கோயில் வாசலில் நிற்கக்கூட இடம் மறுக்கப்பட்டவர்கள். அவர்களுக்காக ஒரு காட்டின் தனிமை செலவழிக்கப்பட்டது. அது தகுந்த செலவு என்று சொல்வதில் தயக்கம் தேவையில்லை. வார இறுதியின் இரண்டு மணிநேரக் களிப்புக்காக இன்னொரு காட்டின் தனிமை செலவழிக்கப்படும்போது, அது தகுந்ததா என்று கேட்கவாவது வேண்டும்.

நாராயண குருவின் வாழ்க்கையிலிருந்து, காட்டுக்கு யாரும் செல்லக் கூடாது என்று முடிவுகட்டிவிட முடியாது. அவரே மலைக்கும் ஆற்றுக்கும் சென்றவர்தான். பின்னாளிலும் மலையும் நீரும் அருகிலுள்ள இடங்களையே தம் ஆசிரமங்களுக்குத் தேர்ந்தெடுத்தார். சிவகிரி ஒரு குன்று. ஆலுவாவின் அத்வைத ஆசிரமம் பெரியாற்றின் கரை. அவர் சென்றதும் திரும்பியதும் ஒரே காரணத்துக்காக நிகழ்ந்தன.

கல்லாற்றின் சாவடிக்கு வருபவர்களில் இப்படியும் சிலர் உண்டு. சீட்டு தீர்ந்துவிட்டது என்றோ, மேலே மழை என்றோ கேட்டதும் வாதிடாமல், அருகிலுள்ள கடையில் ஒரு தேநீர் அருந்திவிட்டு, வழிகாட்டிகளுடன் சிறிது நேரம் பேசியிருந்துவிட்டு வந்த வழியே திரும்புபவர்கள். யானை இறங்கியிருக்கிறதா, அட்டை எந்த மாதத்தில் மிகுதி, போன ஆண்டு வெள்ளத்தில் எந்தப் பாறை உருண்டது என்பவற்றையெல்லாம் அவர்கள் கேட்டு அறிகின்றனர். அவர்கள் அருவியைக் காணவில்லை. அருவியைக் கண்டு திரும்பும் பலரைவிட அருவியைப் பற்றி அவர்களுக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்கும்.

இடவப்பாதி என்று மலையாளிகள் அழைக்கும் தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் இறங்கியதும், மழை கடுமையான நாட்களில் வாயில் மூடப்படுகிறது. கயிறு கட்டிய ஒரு மூங்கில் தடியும் ஒரு மலையாள அறிவிப்புமே அங்கு இருக்கும். நகரத்திலிருந்து எவரும் வருவதில்லை. வழிகாட்டிகளும் சாவடியோடு நின்றுவிடுகின்றனர். ஓராண்டில் மீன்முட்டி மிகப் பெரிதாக விழுவது அந்நாட்களில்தான். அதன் ஒலி மட்டும், மழை சற்று ஓயும்போது, சாலை வரை கேட்கிறது.